கையால் ஓடும், இரவில் ஓடாது!

பேட்ச் பைலை டபுள் க்ளிக் செய்தால் ஒழுங்காக ஓடும். அதையே டாஸ்க் ஷெட்யூலரிடம் ஒப்படைத்தால் ஒரு பைலும் நகராது. எனக்கும் இது நேர்ந்தது. தினமும் இரவு 11 மணிக்கு 'போட்டோ' போல்டரை வெளி ஹார்ட் டிஸ்க்கிற்குக் காப்பி செய்ய, ரோபோகாப்பி கட்டளையை எழுதி வைத்திருந்தேன். மூன்று வாரம் கழித்து, இடம் போதாமல் கணினியில் இருந்த படங்களை அழிக்கப் போனேன். எதற்கும் இருக்கட்டும் என்று வெளி டிஸ்க்கைத் திறந்தால், முதல் நாள் கையால் ஓட்டியபோது போன படங்கள் மட்டுமே இருந்தன!

பைலில் 'போட்டோ' என்று பெயரை மட்டும் எழுதியிருந்தேன். டபுள் க்ளிக் செய்யும்போது, பேட்ச் பைல் இருக்கும் போல்டரிலேயே தேடல் நடக்கும். ஷெட்யூலரோ, நாம் எதுவும் சொல்லாவிட்டால், விண்டோஸின் சிஸ்டம்32 போல்டரில் தேடும். அங்கே ஏது போட்டோ? டாஸ்க்கின் ஆக்ஷன்ஸ் டேபில் எடிட்டை அழுத்தி, 'ஸ்டார்ட் இன்' கட்டத்தில் பேட்ச் பைல் உள்ள போல்டரின் முழுப் பாதையைக் கொடுங்கள். மேற்கோள் குறி போடாதீர்கள். போட்டால் டாஸ்க்கே கிளம்பாது.

'லாஸ்ட் ரன் ரிசல்ட்' எண்ணையும் பாருங்கள். பேட்ச் பைலின் கடைசிக் கட்டளை ரோபோகாப்பி என்றால், 0எக்ஸ்1 வந்தால் பயம் வேண்டாம். பைல்கள் போய்ச் சேர்ந்துவிட்டன. 0எக்ஸ்0 என்றால் புதிதாகக் காப்பி செய்ய எதுவும் இல்லை. 8-ம் அதற்கு மேலும் கோளாறு. எனக்கு வந்திருந்தது 0எக்ஸ்10, அதாவது 16. மூன்று வாரமும் அது அங்கேயேதான் இருந்தது, நான்தான் பார்க்கவில்லை.