மாடியறை போதும்

கேள்வி: வேலூர் சி.எம்.சி.க்குப் பயிற்சிக்கு வரும் இரண்டு ஜெர்மன் மாணவிகளை எங்கள் வீட்டில் தங்கவைக்க முடியுமா என்று ஆயர் கேட்கிறார். சின்ன வீடு, எனக்கு ஆங்கிலமும் தடுமாறும். தைரியம் வரவில்லை.
- வாசகி, காட்பாடி

பதில்: சூனேம் ஊர்ப் பெண்மணியை நினைத்துக்கொள்ளுங்கள், அம்மா. எலிசா தீர்க்கதரிசி வந்தால் தங்குவதற்கு மாடியில் ஒரு சிறிய அறை கட்டலாம் என்று கணவரிடம் சொன்னார். அதில் கட்டில், மேசை, நாற்காலி, விளக்கு. இரண்டாம் இராஜாக்கள் 4ஆம் அதிகாரத்தில் உள்ள பட்டியல் அவ்வளவுதான். நாமோ விருந்தாளி வருகிறார் என்றதும் வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம். அதில் பாதி நம் கௌரவத்துக்காக!

ஆங்கிலம் தடுமாறினால் என்ன? அந்தப் பிள்ளைகளுக்கும் அது தாய்மொழி இல்லையே. குடும்ப ஜெபத்துக்குக் கூப்பிடுங்கள், வராவிட்டால் விட்டுவிடுங்கள். வந்தால், ஒரே சங்கீதத்தை நீங்கள் தமிழிலும் அவர்கள் ஜெர்மனிலும் வாசிக்கலாம். உங்கள் பயம் அங்கேயே பாதி கரையும்.

கொதித்து ஆறிய தண்ணீர், காரம் குறைத்த குழம்பு, கொசுவலை - இவை முக்கியம். இன்னொன்று: வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ‘படிவம் III’ (முன்பு ‘படிவம் சி’) பதிய வேண்டும். வீடுகளுக்கும் இது உண்டு. பாஸ்போர்ட், விசா நகல்களை வந்த அன்றே வாங்கிவிடுங்கள்.