திரையையே படமெடுத்த காலம்

டி.வி. நிகழ்ச்சியை ரெக்கார்டு பண்ணுவது இன்று பெரிய விஷயமே இல்லை. ஆனால் வீடியோ டேப் இயந்திரம் அறிமுகமானதே 1956-ல்தான். அதற்கு முன் அமெரிக்காவில் என்ன செய்தார்கள்?

பெரும்பாலும் நேரடி ஒளிபரப்புதான். பதிவு வேண்டுமென்றால், டி.வி. திரைக்கு முன்னால் சினிமா காமிராவை வைத்து, அந்தத் திரையையே படமெடுப்பார்கள். இதற்குப் பெயர் கினெஸ்கோப். டி.வி.யில் நொடிக்கு 30 படம், ஃபிலிமில் 24. இரண்டையும் பொருத்தணும். அப்படியும் படம் மங்கலாகத்தான் வரும்.

1951-ல் 'ஐ லவ் லூசி' என்ற நகைச்சுவைத் தொடர் வந்தது. ஸ்பான்சர் நியூயார்க்கிலிருந்து நேரடி ஒளிபரப்பு கேட்டார். லூசில் பால், தேசி அர்னாஸ் தம்பதிக்கோ ஹாலிவுட்டை விட்டு நகர மனமில்லை. வழி? 35 மி.மீ. ஃபிலிமிலேயே எடுத்துவிடுவது!

எதிரே ரசிகர்களை உட்காரவைத்து, நாடகம்போல நடிக்க, 3 காமிராக்கள் ஒரே நேரத்தில் ஓடின. ஒவ்வொரு காமிராவுக்கும் தனித்தனியா லைட் மாற்ற முடியுமா? ஒளிப்பதிவாளர் கார்ல் ஃப்ராய்ண்ட், விளக்குகளை மேலே தொங்கவிட்டு எங்கும் சீரான ஒளி கொடுத்தார்.

செலவு கூடியது. தம்பதி சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு, ஃபிலிமின் உரிமையை வாங்கிக்கொண்டார்கள். மறுஒளிபரப்பில் அதுவே பெரும் வருமானமானது. அதே காலத்து டூமாண்ட் நிறுவன நிகழ்ச்சிகளோ பெரும்பாலும் அழிந்தே போயின.

ஆகவே நண்பர்களே, வேலையை நல்லா செஞ்சா மட்டும் போதாது. செஞ்சதை ஒழுங்காப் பதிவும் பண்ணணும். நம்ம லேப் ரெக்கார்டு நோட்டுக்கும் இது பொருந்தும்தானே!