கொல்லர் இருமுறை நிறம் பார்ப்பது ஏன்?

டாங்கிகள் உருவாகும் ஆவடியில் சாலையோரக் கொல்லுப் பட்டறையையும் காணலாம். லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டை அங்கே கத்தியாகிறது. கொல்லரிடம் வெப்பமானி கிடையாது. அவர் நிறத்தைப் பார்க்கிறார், அதுவும் இருமுறை.

முதல் நிறம் உலையில் தெரிவது. ஸ்பிரிங் எஃகில் சுமார் 0.6 சதவீதம் கார்பன் உண்டு. செக்கச் சிவந்து ஏறத்தாழ 800 டிகிரி சென்டிகிரேடை எட்டியதும் கார்பன் இரும்பினுள் கரைந்துவிடுகிறது. (770 டிகிரியில் இரும்பைக் காந்தம் கவராது. பியரி க்யூரி 1895இல் ஆராய்ந்த விஷயம் இது. காந்தம் ஒட்டாவிட்டால் பதம் நெருங்கிவிட்டது எனலாம்.) உடனே எண்ணெயில் தோய்த்தால் கார்பன் பிரிய நேரமின்றிச் சிக்கிக்கொள்கிறது. கத்தி கடினமாகிறது, ஆனால் கண்ணாடிபோல் நொறுங்கும். அப்படியே விட்டால் சில்லு தெறித்துக் கண்ணைக் கெடுக்கலாம்.

ஆகவே, கத்தியைத் தேய்த்துப் பளபளப்பாக்கி மீண்டும் மெல்லச் சுடுகிறார். சுமார் 220 டிகிரியில் வைக்கோல் மஞ்சள், 280இல் ஊதா, 300இல் நீலம் படரும். இது தணலின் நிறமன்று. இந்தச் சூட்டில் எஃகு ஒளிராது. மேலே படியும் மெல்லிய ஆக்சைடு ஏட்டின் மேல்முகத்திலும் அடிமுகத்திலும் பட்டுத் திரும்பும் ஒளியலைகள் ஒன்றோடொன்று குறுக்கிடுவதால் தோன்றுவது. மழைநாளில் சாலைத் தண்ணீரில் மிதக்கும் எண்ணெயின் வண்ணமும் இவ்வாறே. ஏடு தடிக்கத் தடிக்க நிறம் மாறும். கூர் நிற்க வேண்டிய கத்திக்கு மஞ்சள் போதும். வளைந்து கொடுக்க வேண்டிய ஸ்பிரிங்குக்கு நீலம்.

பெரியவர் துணையுடன் ஒரு சோதனை செய்யுங்கள். இரண்டு தையல் ஊசிகளைக் குறட்டால் பிடித்துச் சிவக்கச் சுடுங்கள். ஒன்றைச் சட்டென நீரில் போடுங்கள். மற்றதைச் சுடரிலிருந்து மெல்ல மெல்ல விலக்கி ஆறவிடுங்கள். ஆறியபின் கனத்த துணியில் சுற்றி வளைத்தால் முதலாவது ஒடியும், இரண்டாவது வளையும். ஒடிந்த துண்டுகளைக் காகிதத்தில் பொதிந்தே குப்பையில் போடுங்கள்.