தோற்ற இடத்திலிருந்து தொடங்குங்கள்

பதவி உயர்வு கைநழுவிப் போனதா? ஆபிரகாம் லிங்கன் அதிபரான கதையை ஒதுக்கிவைத்துவிட்டு, இல்லினாய் மாநிலச் சட்டமன்றத்தில் அவர் கழித்த எட்டு ஆண்டுகளைப் படியுங்கள்.

1832இல், 23 வயதில், முதன்முதலாகப் போட்டியிட்டார். 13 வேட்பாளர்களில் எட்டாவது இடம். ஆனால் அவர் குடியிருந்த நியூ சேலத்தில் பதிவான சுமார் 300 வாக்குகளில் 277 அவருக்கே விழுந்தன. பழகியவர்கள் நம்பினார்கள், சங்கமோன் மாவட்டத்தின் மற்ற ஊர்களில் அவரைத் தெரிந்தவர்கள் குறைவு. உங்கள் தோல்வியையும் இப்படிப் பிரித்துப் பாருங்கள். உங்கள் வேலை சரியில்லையா, அல்லது முடிவெடுப்பவர்களுக்கு உங்கள் வேலை தெரியவில்லையா? இரண்டுக்கும் மருந்து வேறு.

லிங்கன் ஊர் ஊராகப் போகவைக்கும் வேலைகளைப் பிடித்துக்கொண்டார். 1833இல் அஞ்சல் அலுவலர். கடிதங்களைத் தொப்பிக்குள் செருகிக்கொண்டு வீடு தேடிப் போய்க் கொடுப்பாராம். பிறகு நில அளவைப் பணி. புத்தகத்தைப் பார்த்தே கற்றுக்கொண்டார். அந்த வேலையைக் கொடுத்த ஜான் கால்ஹூன் எதிர்க்கட்சிக்காரர். சங்கிலி பிடித்து எல்லை அளந்த இடமெல்லாம் விவசாயிகளோடு பழக்கம் ஏற்பட்டது. 1834இல் வென்றார்.

கையில் காசில்லை. நண்பரிடம் 200 டாலர் கடன் வாங்கி, நல்ல உடுப்பு தைத்துக்கொண்டுதான் தலைநகர் வண்டேலியாவுக்கு வண்டியேறினார். முதல் கூட்டத்தொடரில் பெரிதாகப் பேசவில்லை. மற்ற உறுப்பினர்களுக்காகச் சட்ட முன்வடிவுகளை எழுதிக் கொடுத்தார். புதிதாகச் சேர்பவருக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை: அலுவலகத்தின் எழுத்துவேலை யார் கையில் இருக்கிறதோ, அவருக்கு எல்லா மேசையிலும் இடம் கிடைக்கும். மூத்த சகா ஜான் ஸ்டூவர்ட் சட்டம் படிக்கச் சொல்லிப் புத்தகங்களையும் கொடுத்தார். 1836இல் வழக்கறிஞர் உரிமம் வந்தது.

1837இல் நடந்ததை நிதானமாகப் பார்க்க வேண்டும். அடிமை ஒழிப்பு இயக்கத்தைக் கண்டிக்கும் தீர்மானத்தை ஜனவரியில் அவை பெரும்பான்மையோடு நிறைவேற்றியது. எதிர்த்து வாக்களித்த ஆறு பேரில் லிங்கனும் ஒருவர். தலைநகரை ஸ்பிரிங்ஃபீல்டுக்கு மாற்ற அவருடைய மாவட்டக் குழு ஒவ்வொரு வாக்காகச் சேர்த்துக்கொண்டிருந்த நேரம் அது. பிப்ரவரி 28 அன்று அது கைகூடியது. மார்ச் 3 அன்று, சக உறுப்பினர் டான் ஸ்டோனோடு சேர்ந்து, அடிமைமுறை அநீதியானது என்ற எழுத்துபூர்வ மறுப்பை அவைக்குறிப்பில் பதியவைத்தார். வாக்கைத் தள்ளிப்போடவில்லை, விளக்கத்தை மட்டும் தள்ளிப்போட்டார். அந்த வேறுபாட்டை நான் மதிக்கிறேன்.

அதே ஆண்டு ரயில்பாதை, கால்வாய்த் திட்டங்களுக்கு ஏறக்குறைய ஒரு கோடி டாலர் ஒதுக்கியதையும் அவர் முன்னின்று ஆதரித்தார். பொருளாதார நெருக்கடி வந்து மாநிலம் கடனில் மூழ்கியது. அப்போதும் அவர் அந்தத் திட்டத்தைக் கைவிடவில்லை. இதில் அவரைப் பின்பற்றாதீர்கள். நான்கு முறை வென்றவர் 1842இல் மீண்டும் போட்டியிடவில்லை. வழக்கறிஞர் தொழில் கையில் இருந்ததால் விலகுவது அவருக்குச் சிரமமாக இல்லை.