பேச்சிழந்த ஊர்திகள்

வத்தலக்குண்டிலிருந்து தேனிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், கொடைக்கானல் மலையின் அடிவாரத்தில் அமைந்திருக்கும் ஊர் தேவதானப்பட்டி. மூங்கிலணைக் காமாட்சியம்மன் கோயிலாலும் மஞ்சளாற்று அணையாலும் பெயர் பெற்றது அது. ஊருக்குக் கிழக்கே, நெடுஞ்சாலையினின்றும் ஒரு சாலை பிரிந்து மலைமீது ஏறுகிறது. பிரியும் இடத்திற்குக் காட்ரோடு என்று பெயர். மலைப்பாதையைக் குறிக்கும் வடநாட்டுச் சொல்லும் ஓர் ஆங்கிலச் சொல்லும் சேர்ந்து, நம் நாட்டு ஊர்ப்பெயராகவே நிலைத்துவிட்டன! லா என்னும் பொறியாளரின் பெயரால் வழங்கும் அம்மலைச்சாலை அமைந்து நூறாண்டுகளுக்கு மேல் ஆகின்றன. கோடை விடுமுறையில் அங்கு நின்று நோக்கினால், மலையேறும் கார்கள் எறும்பின் வரிசை போல ஊர்ந்து செல்வதைக் காணலாம்.

அவ்வரிசையிற் செல்லும் புதிய கார்கள் சிலவற்றில் ஒரு புதுமை உண்டு. ஓட்டுநரின் தலைக்கு மேல், ஆபத்துக்காலத்தில் அழுத்துவதற்கென்று ஒரு சிறு பொத்தான் இருக்கும். வண்டியின் உட்புறத்தே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில், ஒரு பெட்டி பொருத்தப்பட்டிருக்கும். அப்பெட்டியில் சிம் உண்டு. அலைகளை வாங்கவும் அனுப்பவும் வல்ல வான்கம்பி உண்டு. வண்டி நிற்கும் இடத்தைத் துணைக்கோள்களின் உதவியால் அறியும் கருவியும் உண்டு. சுருங்கச் சொன்னால், அந்தக் கார் தானே ஒரு செல்பேசியை வயிற்றில் வைத்துக்கொண்டு ஓடுகிறது. வண்டி களவு போனால் அது எங்கே நிற்கிறது என்று உடையவருக்குச் சொல்லும். வீட்டிலிருந்தபடியே குளிர்சாதனத்தை இயக்கலாம். 2019ஆம் ஆண்டில் ஹூண்டாய் வென்யூ, எம்ஜி ஹெக்டர் முதலிய கார்கள் வந்தபோது இவ்வசதி நம் நாட்டில் பரவலாயிற்று. தொடக்கத்தில் சில ஆண்டுகள் கட்டணமின்றிக் கிடைக்கும். பின்னர்ச் சந்தா செலுத்துதல் வேண்டும்.

இவ்வசதிகளுள் பலவும் இன்பத்துக்கு உரியவை. ஒன்று மட்டும் உயிரைக் காப்பது. இரவு நேரத்தில் மலைவளைவு ஒன்றில் கார் தடுப்புச் சுவரில் மோதியது என்று வைத்துக்கொள்வோம். ஓட்டுநர் நினைவிழந்து கிடக்கிறார். உடன் வருவார் எவருமிலர். யார் உதவிக்கு அழைப்பார்? காற்றுப்பை விரிந்த அக்கணமே, பெட்டி தானாகவே காவல் நிலையத்துக்கு ஒப்பான ஒரு சேவை நிலையத்தை அழைத்து, இடத்தையும் தெரிவிக்கும். மலைவளைவுகளில் கோபுரத்தின் அலை எட்டாத இடங்களும் உள. அது வேறு குறை. இங்கு நாம் எண்ண வேண்டியது மற்றொன்று. கோபுரம் அருகிலேயே நிற்கிறது. பெட்டியும் பழுதின்றி இருக்கிறது. ஆயினும் பெட்டி பேசும் மொழியைக் கோபுரம் மறந்துவிட்டது! அப்போது என் செய்வது?

இது கற்பனையன்று. உலகில் பலமுறை நிகழ்ந்த செய்தி. அது எவ்வாறு நிகழ்கிறது என்பதை அறிதல் வேண்டும்.

செல்பேசி அமைப்பில் நிலப்பரப்பு முழுவதும் தேனடையின் அறைகளைப் போலச் சிறுசிறு பகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது. அறை என்னும் பொருள்படும் சொல்லே 'செல்'. ஒவ்வோர் அறைக்கும் ஒரு கோபுரம். கோபுரமும் பேசியும் பேசிக்கொள்ளும் முறை ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்கு ஒருமுறை புதிதாக அமைக்கப்படுகிறது. முதல் தலைமுறையில் குரலின் அலைவடிவமே வானில் சென்றது. இரண்டாம் தலைமுறையில் குரல் எண்களாக மாறிற்று. மூன்றாவதில் படமும் செய்தியும் விரைந்து சென்றன. நான்காவதிலோ குரலும் பிற செய்திகளைப் போலவே சிறு பொட்டலங்களாகக் கட்டி அனுப்பப்படுகிறது. ஐந்தாம் தலைமுறை 2022 அக்டோபர் 1ஆம் நாள் இந்தியாவுக்கு வந்தது.

புதியது வந்தால் பழையதை ஏன் அழிக்க வேண்டும்? இரண்டும் இருந்துவிட்டுப் போகட்டுமே என்று கேட்கலாம். வானலை வரிசை அளவுக்கு உட்பட்ட செல்வம். கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு வயலில் ஒரே பருவத்தில் நெல்லையும் வாழையையும் முழு விளைச்சலுக்குப் பயிரிட இயலுமோ? அலைவரிசையும் அத்தகையதே. அதே அகலத்தில் புதிய முறை பன்மடங்கு செய்தியைச் சுமக்கும்போது, நிறுவனங்கள் பழைய பயிரை அழித்துப் புதியதை நடுகின்றன. பழைய கருவிகளுக்கு உதிரிப்பொருள் கிடைப்பதும் அரிதாகின்றது.

அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1996ஆம் ஆண்டில் 'ஆன்ஸ்டார்' என்னும் சேவையைத் தொடங்கியது. காரிலிருந்து உதவி கேட்கும் முறைக்கு அது முன்னோடி. அதன் தொடக்ககாலப் பெட்டிகள் முதல் தலைமுறை மொழியையே அறிந்தவை. அந்நாட்டின் தகவல் தொடர்பு ஆணையமோ, 2008 பிப்ரவரிக்குப் பின் நிறுவனங்கள் அப்பழைய முறையை நடத்த வேண்டிய கட்டாயம் இல்லை என்று விதித்தது. அவ்வாண்டின் தொடக்கத்தில் பழைய பெட்டிகளுக்கான ஆன்ஸ்டார் சேவை நின்றது. சில கார்களின் பெட்டியை மாற்ற முடிந்தது. மற்றவற்றில் அதுவும் இயலவில்லை. எஞ்சின் ஓடிற்று, சக்கரம் சுழன்றது. பொத்தான் மட்டும் பயனற்றதாயிற்று. உடையவர்கள் நீதிமன்றத்தில் வழக்கும் தொடுத்தனர்.

இவ்வளவு பட்டும் பாடம் முற்றும் கற்றார்களா என்றால், இல்லை. 2022 பிப்ரவரியில் ஏடி அண்ட் டி நிறுவனம் தன் 3ஜி சேவையை நிறுத்தியபோது, ஹோண்டா, நிசான் முதலிய நிறுவனங்களின் கார்கள் பலவற்றில், மோதலைத் தானே அறிவிக்கும் வசதி அற்றுப்போயிற்று. இங்கிலாந்தில் 2ஜி முடிவுக்கு வருவதைக் காரணம் காட்டி, பழைய நிசான் லீஃப் மின்கார்களைக் கைப்பேசியால் இயக்கும் வசதி 2024 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மார்ச்சு 31 முதல் புதுவகைக் கார்கள் யாவும் மோதலின்போது 112 என்னும் எண்ணைத் தாமே அழைக்க வேண்டும் என்பது சட்டம். அச்சட்டம் நம்பியிருந்ததோ 2ஜி, 3ஜி முறைகளை! பின்னர் நான்காம் தலைமுறைக்கேற்ப விதிகளைத் திருத்த நேர்ந்தது.

நம் நாட்டின் கதை சற்றே விந்தையானது. இங்கு இளையது முன்னே மறைய, மூத்தது நிற்கின்றது. ஏர்டெல் நிறுவனம் 2011ஆம் ஆண்டில் தொடங்கிய 3ஜி சேவையை, 2019இல் கல்கத்தாவில் தொடங்கி வட்டாரம் வட்டாரமாக மூடலாயிற்று. 2ஜியையோ தொடர்ந்து நடத்தியது. பொத்தான் பேசி வைத்திருப்போர் மிகப் பலராதலின். ஒரு கணக்குப் பாருங்கள். 2011இல் பதிவான சொந்தக் காருக்குப் பதிவுச் சான்று 15 ஆண்டு செல்லும். அவ்வாண்டில் பிறந்த 3ஜியோ அதற்குப் பாதி வயதளவே கடந்த நிலையில் விடைபெறத் தொடங்கிற்று. வண்டியின் ஆயுளும் அலையின் ஆயுளும் ஒத்துச் செல்லாமையே இத்தொல்லைக்கெல்லாம் வேர்.

இது செல்வர் வீட்டுக் கார்களோடு நிற்பதன்று. பயணிகளை ஏற்றும் பேருந்துகளிலும் வாடகைக் கார்களிலும் இடங்காட்டும் கருவியும் ஆபத்துப் பொத்தானும் இருத்தல் வேண்டும் என்று 2016ஆம் ஆண்டில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 125எச் என்னும் விதி சேர்க்கப்பட்டது. 2019 சனவரி 1 முதல் புதிய ஊர்திகளுக்கு அது நடைமுறைக்கு வந்தது. இரவில் தனியே செல்லும் பெண்கள் அப்பொத்தானை நம்பி ஏறுகின்றனர். அப்பெட்டி எத்தலைமுறை மொழியைப் பேசுகிறது, அம்மொழி இன்னும் எத்தனை ஆண்டு வழங்கும் என்று அவர்கள் கேட்டறிந்து ஏறுதல் கூடுமோ? கருவியை விற்பவரும் பொருத்தச் சொல்பவருமே அதற்கு விடைகூறக் கடமைப்பட்டவர். கார் விற்பனையில் சந்தாத் தொகையை அச்சிடுவோர், அப்பெட்டி எதுவரை பயன்படும் என்பதையும் உடன் அச்சிடலாகாதா? பெட்டியை எளிதிற் கழற்றி மாற்றும்படி அமைத்தலும் அரிய செயலன்று.

தேவதானப்பட்டியைச் சுற்றியுள்ள தென்னந்தோப்புகளையும் மாந்தோப்புகளையும் நினைத்துப் பார்ப்போம். கிணற்று மோட்டாரைக் கைப்பேசியால் இயக்கும் கருவியை இந்நாளில் உழவர் பலர் அறிவர். மின்சாரம் வந்ததும் அது செய்தி தரும். வீட்டில் இருந்தபடியே ஓர் அழைப்பு விடுத்தால் தண்ணீர் பாயும். நள்ளிரவில் பாம்புக்கு அஞ்சி வரப்பில் நடக்கும் துன்பம் இல்லை. அதனுள்ளும் ஒரு சிம் இருக்கிறது. பழைய கருவிகளுட் பல 2ஜியையே நம்பியவை. என்றேனும் ஒருநாள் 2ஜி நின்றால் அவையும் பேச்சிழக்கும். ஆனால் அக்கருவி மோட்டார் அறையின் சுவரில், கைக்கெட்டும் உயரத்தில் மாட்டப்பட்டிருக்கிறது. ஊர்ப் பணியாளர் ஒருவர் திருகாணிகளைக் கழற்றி, 4ஜி கருவியை அதே இடத்தில் பொருத்திவிட்டால், பொழுது சாய்வதற்குள் மீண்டும் நீர் பாயும்.