பழைய மோட்டார்ஹோம், ஒழுகும் கழிவுத் தொட்டி: டீலரைக் கேட்க முடியுமா?

கேள்வி

வழக்கறிஞர் அவர்களே, நாங்கள் லண்டன் ஹரோவில் வசிக்கிறோம். நான்கு மாதங்களுக்கு முன் ஒரு டீலரிடம் 2003ஆம் ஆண்டு அமெரிக்க மோட்டார்ஹோம் ஒன்றை 18,500 பவுண்டுக்கு வாங்கினோம். முன்பணம் 500 பவுண்டை கிரெடிட் கார்டில் கட்டினேன். மிச்சத்தை வங்கி வழியாக அனுப்பினேன்.

போன மாதம் வேல்ஸ் போய்த் திரும்பியதும், டாய்லெட் கழிவு சேரும் ‘பிளாக் டேங்க்’ அடியில் ஒழுகத் தொடங்கியது. வீட்டு வாசலில் நிறுத்தினால் நாற்றம் தாங்கவில்லை. சொட்டுவது தெருவோர வடிகாலுக்கு ஓடுகிறது. கவுன்சிலில் புகார் கொடுக்கப்போவதாகப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார். தெரிந்த கராஜ்காரர் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, “இதுக்கு முதலே ஆரோ சிலிக்கோன் பூசியிருக்கினம் அண்ணை” என்றார். ஒட்டித் தர 450 பவுண்டும் புது டேங்க் போட 2,600 பவுண்டும் கேட்கிறார். டீலரோ, “இருபது வருஷத்துக்கு மேலான வண்டி, பார்த்துத்தானே வாங்கினீர்கள்? ரசீதில் ‘சோல்ட் ஆஸ் சீன்’ என்று போட்டிருக்கிறது. மூன்று மாத வாரண்டியும் முடிந்துவிட்டது” என்கிறார்.

வண்டியைத் திருப்பிக் கொடுக்கலாமா? அல்லது கராஜில் வேலையை முடித்துவிட்டு பில்லை டீலருக்கு அனுப்பலாமா?

– வாசகர், ஹரோ

பதில்

முதலில் கராஜ்காரரிடம் சொல்லிவிடுங்கள்: எதையும் கழற்ற வேண்டாம், எதையும் பூச வேண்டாம். உங்கள் தரப்புச் சாட்சியம் முழுவதும் இப்போது வண்டியின் அடியில்தான் இருக்கிறது. பழைய சிலிக்கோனைச் சுரண்டி எறிந்து புது டேங்க் மாட்டிவிட்டால், விற்கும்போதே ஓட்டை இருந்தது என்பதைப் பிறகு எதைக் கொண்டு காட்டுவீர்கள்? டீலருக்குப் பழுது பார்க்க வாய்ப்பே கொடுக்காமல் பில்லை மட்டும் நீட்டினால், “என்னிடம் கொண்டுவந்திருந்தால் 200 பவுண்டில் முடித்திருப்பேன்” என்று அவர் வாதிடுவார். அந்த வாதத்துக்கு நீங்களே இடம் கொடுக்காதீர்கள்.

திருப்பிக் கொடுப்பது இன்றைக்கு முடியாது. ஆனால் டீலர் இனி நடந்துகொள்ளும் விதத்தைப் பொறுத்து அந்த உரிமை உங்கள் கைக்கு வரலாம். எப்படி என்று பார்ப்போம்.

‘சோல்ட் ஆஸ் சீன்’ செல்லுமா?

வியாபாரி ஒருவர் நுகர்வோருக்கு விற்கும் பொருளை 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைகள் சட்டம் ஆள்கிறது. பொருள் திருப்தியான தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது 9ஆம் பிரிவு. அந்தப் பொறுப்பைக் கைகழுவும் எந்த வாசகமும் நுகர்வோரைக் கட்டுப்படுத்தாது என்கிறது 31ஆம் பிரிவு. ஆகவே ரசீதில் உள்ள அந்த மூன்று சொல்லை மறந்துவிடுங்கள். வாரண்டி முடிந்துவிட்டது என்பதும் பதில் ஆகாது. வாரண்டி என்பது டீலர் தானாகக் கொடுத்தது. சட்டம் கொடுத்த உரிமை தனியாக நிற்கிறது.

‘பார்த்துத்தானே வாங்கினீர்கள்’ என்பதில் மட்டும் கொஞ்சம் சரக்கு இருக்கிறது. வாங்கும் முன் உங்களுக்குச் சுட்டிக்காட்டப்பட்ட குறைக்கும், நீங்கள் செய்த பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்கும் பிறகு முறையிட முடியாது. ஆனால் நீங்கள் செய்த பரிசோதனை எதுவோ, அதுதான் அளவுகோல். உள்ளே ஏறிக் கட்டிலையும் அடுப்பையும் பார்த்தவர், கீழே படுத்து டேங்கையும் பார்த்திருக்க வேண்டும் என்று சட்டம் எதிர்பார்ப்பதில்லை.

பழைய வண்டியில் எதை எதிர்பார்க்கலாம்?

தரத்தை அளக்கும்போது விலையும் வயதும் விவரிப்பும் கணக்கில் வரும். இதில் டீலரின் வாதத்துக்கும் பலம் உண்டு. இரண்டு பழைய தீர்ப்புகளைச் சொன்னால் விளங்கும். இரண்டுமே பழைய ஜாகுவார் கார் பற்றியவை. 1965இல் வந்த பார்ட்லெட் எதிர் சிட்னி மார்கஸ் வழக்கில், கிளட்ச்சில் கோளாறு இருப்பதை விற்றவர் முன்கூட்டியே சொல்லி விலையையும் குறைத்திருந்தார். கோளாறு நினைத்ததைவிடப் பெரிதாக இருந்தும் வாங்கியவர் தோற்றார். பழைய கார் வாங்குகிறவர் இன்றோ நாளையோ செலவு வரும் என்று எதிர்பார்க்கத்தான் வேண்டும் என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம்.

1975ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் உள்ள கிரௌதர் எதிர் ஷானன் மோட்டார் வழக்கு வேறு மாதிரி. 82,000 மைல் ஓடிய காரின் எஞ்சின், வாங்கிய சில வாரங்களில் இறுகி நின்றுவிட்டது. விற்கும்போதே எஞ்சின் ஓய்ந்துபோன நிலையில் இருந்தது என்று முன்னாள் சொந்தக்காரர் சாட்சி சொன்னார். வாங்கியவர் வென்றார். காலப்போக்கில் தேய்ந்தது வாங்கியவர் பாடு. விற்ற நாளிலேயே கெட்டிருந்தது விற்றவர் பாடு.

உங்கள் வண்டிக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். கழிவை வெளியேற்றும் வால்வின் ரப்பர் சீல் இருபது வருடத்தில் காய்ந்து சொட்டினால் அது பெரும்பாலும் தேய்மானம்தான். வால்வை மாற்றுவது சின்னச் செலவு. டேங்கே வெடித்து, அதை யாரோ சிலிக்கோனால் மறைத்து வண்டி கைமாறியிருந்தால் கதை வேறு. டாய்லெட் இணையும் விளிம்பிலும், காற்றுக்குழாய் நுழையும் இடத்திலும் ஒழுகலாம். ஆகவே எங்கே ஒழுகுகிறது என்பதே உங்கள் வழக்கின் முதல் கேள்வி.

ஆதாரம் சேர்ப்பது எப்படி?

டேங்கை முறையான இடத்தில் காலிசெய்து, நன்றாக அலசி, சுத்தமான தண்ணீரில் உணவுச் சாயம் கலந்து நிரப்பச் சொல்லுங்கள். சமையல் தொட்டித் தண்ணீர் சேரும் ‘கிரே டேங்க்’குக்கு வேறு நிறம். எந்த நிறம் எந்த இடத்தில் கசிகிறது என்பதை வீடியோ எடுங்கள். சிலிக்கோன் பூச்சைத் தொடாமல், பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். பூச்சின் மேல் படிந்த சாலை அழுக்கும் படத்தில் தெரிய வேண்டும். நான்கு மாதத்தில் அவ்வளவு அழுக்கு படியுமா என்ற கேள்வி உங்களுக்குச் சாதகமானது.

பிறகு டீலரோடு தொடர்பில்லாத ஒருவரிடம் எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். கேரவன், மோட்டார்ஹோம் பழுதுபார்ப்போருக்கு ‘அப்ரூவ்ட் வொர்க்‌ஷாப் ஸ்கீம்’ என்ற பட்டியல் இருக்கிறது. அதில் உள்ள ஒருவர் நல்லது. அறிக்கை ஒரு கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்ல வேண்டும்: இந்த வெடிப்பு நான்கு மாதத்துக்கு முன்பே இருந்திருக்குமா? பழைய பூச்சு இருப்பது மட்டும் போதாது. “எப்போதோ செய்த பழுது, இத்தனை வருடம் தாங்கியிருக்கிறது” என்றும் டீலர் வாதிடலாம்.

ஆறு மாதம் ஏன் முக்கியம்?

வண்டி கைக்கு வந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் குறை வெளிப்பட்டால், அது விற்ற நாளிலேயே இருந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்கும் சுமை டீலருடையது. குறையின் தன்மைக்கே இந்த அனுமானம் பொருந்தாவிட்டால் மட்டும் விலக்கு. தேய்ந்த ரப்பர் சீல் என்றால் டீலர் அதைத்தான் பிடித்துக்கொள்வார். உங்கள் வண்டி மூன்றாம் மாதத்திலேயே ஒழுகியிருக்கிறது. அதைக் காட்டும் தேதியிட்ட படங்களையும் குறுஞ்செய்திகளையும் அழிக்காதீர்கள்.

என்ன கேட்கலாம்?

காரணம் சொல்லி முழுப்பணத்தோடு திருப்பிக் கொடுக்கும் குறுகியகால உரிமைக்கு 30 நாள்தான். அது போய்விட்டது. அடுத்தபடி, பழுதுபார்த்துத் தரும்படி கேட்பது. நியாயமான காலத்துக்குள், உங்களுக்குப் பெரிய சிரமம் இல்லாமல், தன் செலவில் டீலர் செய்து தர வேண்டும். கூலி, சாமான், வண்டியைக் கொண்டுபோகும் செலவு எல்லாம் அவருடையது. ஒட்டுவதா மாற்றுவதா என்பதை அவர் முடிவு செய்யலாம். ஆனால் வேலை முடிந்தபின் டேங்க் ஒழுகக்கூடாது. ஏபிஎஸ் பிளாஸ்டிக் டேங்கை அதற்குரிய கரைப்பான் பசையால் ஒட்ட முடியும். பாலிஎத்திலின் டேங்கில் பசை பிடிக்காது. பிளாஸ்டிக் வெல்டிங் செய்ய வேண்டும், இல்லையேல் மாற்ற வேண்டும். டேங்க் எந்தப் பிளாஸ்டிக் என்பதை அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள். மறுபடி சிலிக்கோன் பூசி அனுப்ப முடியாதபடி அது தடுக்கும்.

டீலருக்கு ஒரே ஒரு வாய்ப்புத்தான். ஒருமுறை பழுதுபார்த்த பிறகும் ஒழுகினால், அல்லது நியாயமான காலத்துக்குள் செய்யாமல் இழுத்தடித்தால், விலைக்குறைப்புக் கேட்கலாம் அல்லது வண்டியைத் திருப்பிக் கொடுக்கலாம். திருப்பிக் கொடுத்தால், நீங்கள் பயன்படுத்தியதற்காக ஒரு தொகையை அவர் கழிக்கலாம். மோட்டார் வாகனம் என்பதால் ஆறு மாதத்துக்குள்ளும் கழிக்க இடம் உண்டு. கழிவு ஊறி அடித்தளப் பலகை கெட்டிருந்தால் அந்த நட்டத்தைத் தனியாகக் கேளுங்கள்.

500 பவுண்டு கார்டில் கட்டியது நல்லதாயிற்று

1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டம், 75ஆம் பிரிவு: விலை 100 பவுண்டுக்கு மேல், 30,000 பவுண்டுக்குள் இருந்து, அதில் ஒரு பகுதியையாவது கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், டீலரிடம் கேட்கக்கூடியதைக் கார்டு நிறுவனத்திடமும் கேட்கலாம். நீங்கள் கட்டிய 500க்கு மட்டுமல்ல, முழுக் கோரிக்கைக்கும் அவர்கள் பொறுப்பு. டீலர் கடையை மூடிவிட்டுப் போனாலும் இந்த வழி திறந்திருக்கும். புகார் கொடுத்து எட்டு வாரத்துக்குள் இறுதிப் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலும், ஃபைனான்ஷியல் ஆம்பட்ஸ்மனிடம் போகலாம், கட்டணம் இல்லை.

தெருவில் சொட்டுவது யார் பொறுப்பு?

இது உங்கள் பொறுப்பு, டீலருடையது அல்ல. தெருவோர வடிகால் பல இடங்களில் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போவதில்லை. நேரே ஓடைக்கும் ஆற்றுக்கும் போகிறது. அனுமதியில்லாமல் அசுத்தத்தை நீர்நிலையில் சேர விடுவது 2016ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் அனுமதி விதிகளின்படி குற்றம். நாற்றம் தொந்தரவு அளவுக்குப் போனால், 1990ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கவுன்சில் நிறுத்தல் நோட்டீஸ் கொடுக்கலாம். ஒழுகுவது தெரிந்த பிறகும் அந்த டாய்லெட்டைப் பாவிப்பதுதான் உங்களை மாட்டிவிடும். கேரவன் முகாம்களில் உள்ள கழிவு வெளியேற்றும் இடத்தில் டேங்கைக் காலிசெய்யுங்கள். ரசீது தந்தால் வைத்திருங்கள். பிறகு பக்கத்து வீட்டுக்காரரிடம் நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள். பெரும்பாலான புகார்கள் அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

கராஜில் செய்ய நேர்ந்தால்

டீலர் எழுத்தில் மறுத்தாலோ, நீங்கள் எழுத்தில் கொடுக்கும் கெடு முடிந்தும் வாயைத் திறக்காவிட்டாலோ, நீங்களே செய்துவிட்டு நியாயமான செலவைக் கேட்கலாம். மதிப்பீடு என்ற பெயரில் ஏறிக்கொண்டே போகும் கணக்கு வேண்டாம். நிலையான விலையை எழுதி வாங்குங்கள். கழற்றிய டேங்கைக் கட்டாயம் கேட்டு வாங்கி, கழுவி வைத்திருங்கள். கராஜ் வேலையும் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் நடக்க வேண்டும் என்று அதே 2015ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. மறுபடி ஒழுகினால் இலவசமாகத் திரும்பச் செய்யக் கேட்கலாம். பணத்தில் தகராறு வந்தால் வண்டியைத் தடுத்துவைக்க கராஜ்காரருக்கு உரிமை உண்டு. ‘ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்’ என்று எழுதிக் கட்டி, வண்டியை எடுத்துக்கொண்டு பிறகு வாதாடுங்கள்.

நீதிமன்றம் போவதென்றால்

இங்கிலாந்து, வேல்ஸில் 10,000 பவுண்டு வரையான பணக் கோரிக்கையைச் சிறுவழக்குப் பிரிவில் போடலாம், சொலிசிட்டர் கட்டாயமில்லை. வென்றாலும் சொலிசிட்டர் செலவு பொதுவாகத் திரும்பக் கிடைக்காது என்பதால், 2,600 பவுண்டு விஷயத்துக்கு ஆள் பிடிக்க வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். நிபுணர் சாட்சியத்துக்கு நீதிமன்ற அனுமதி வேண்டும். கால எல்லை ஆறு வருடம், ஸ்காட்லாந்தில் ஐந்து. வண்டியைத் தனியாளிடம் வாங்கியவர்களுக்கு மேலே சொன்ன பெரும்பாலானவை பொருந்தாது. விற்றவர் பொய் சொன்னார் அல்லது விளம்பரத்தில் இல்லாததை எழுதினார் என்று அவர்கள் காட்ட வேண்டும்.

டீலருக்கான கடிதம் இந்த வாரமே போகட்டும். குறை என்ன, எந்தத் தேதியில் தெரிந்தது, எந்தச் சட்டம், என்ன பரிகாரம், பதில் தர 14 நாள்: இந்த ஐந்தும் ஒரு பக்கத்துக்குள் இருந்தால் போதும். கையொப்பம் பெற்றுக் கொடுக்கும் தபாலில் ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று. தொலைபேசியில் டீலர் என்ன சொன்னாலும், “அதை எழுதி அனுப்புங்கள்” என்று சொல்லி வைத்துவிடுங்கள்.