மலைப்பூண்டும் மின்வழிப் பணமும்

மன்னவனூர் ஏரியைக் கண்டு திரும்பும் பயணி ஒருவர், பேருந்தில் அமர்ந்தவாறே இணையதளம் ஒன்றில் கொடைக்கானல் மலைப்பூண்டு ஒரு கிலோ வாங்குகிறார் எனக் கொள்வோம். விலை 400 ரூபாய். யு.பி.ஐ. எண்ணை அழுத்துகிறார். வண்டி வளைவில் திரும்புகிறது, சிக்னல் போய்விடுகிறது. வங்கியில் பணம் கழிந்துவிட்டது. கடையின் ஏட்டிலோ பதிவில்லை. இத்தகைய இழப்பு நேராதவாறு தளத்தை அமைப்பது எங்ஙனம் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

தளத்திற்கும் வங்கிக்கும் நடுவே நிற்பது பேமெண்ட் கேட்வே. முதற்கண் நமது சர்வர், இரகசியச் சாவியைக் காட்டி, தொகையைக் கேட்வேயிடம் தெரிவித்து ஓர் ஆர்டர் எண் பெறுதல் வேண்டும். விலையை வாங்குபவரின் பிரவுசரிலிருந்து எடுத்தல் கூடாது. அதை எவரும் திருத்திவிடலாம். ரேஸர்பே போன்றவற்றில் தொகையைப் பைசாவில் குறித்தல் வேண்டும். 400 என்றே எழுதிவிட்டால் பூண்டு நான்கு ரூபாய்க்குப் போய்விடும்!

பணம் செலுத்தியதும் முடிவு இரு வழிகளில் வருகிறது. ஒன்று, வாங்குபவரின் பிரவுசர் வழி. வளைவில் அறுந்தது இதுவே. மற்றொன்று, கேட்வேயின் சர்வர் நமது சர்வருக்கு நேரே அனுப்பும் செய்தி. இதனை வெப்ஹூக் என்பர். கைப்பேசி அணைந்தாலும் இது வரும். ஆயின் புதிதாய்ப் பழகுவோர் பலர் முதல் வழியையே நம்பிவிடுகின்றனர்.

வெப்ஹூக் முகவரியை அறிந்த எவரும் 'பணம் வந்தது' என்று பொய்ச்செய்தி அனுப்பக்கூடும். ஆகவே செய்தியுடன் ஒரு கையொப்பம் வருகிறது. வந்த செய்தியை ஓர் எழுத்தும் மாறாமல், நம்மிடமுள்ள இரகசியச் சொல்லோடு எச்மேக் முறையில் கணக்கிட்டு, இரண்டும் ஒத்தாலன்றி ஏற்கலாகாது. ஒரே செய்தி இருமுறை வருவதும் உண்டு. நிகழ்வு எண்ணைக் குறித்து வைக்காவிடில் இரண்டு கிலோ அனுப்ப நேரிடும்.

செய்தியே வராவிட்டால்? நிலுவையிலுள்ள ஆர்டர்களின் நிலையைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை சர்வரே கேட்வேயிடம் கேட்டறிதல் வேண்டும். அதுவரை பக்கத்தில் 'தோல்வி' என்று காட்டாமல் 'உறுதி செய்யப்படுகிறது' என்றே காட்டுக. இன்றேல் அப்பயணி மீண்டும் 400 ரூபாய் செலுத்துவார். கடைக்கு உறுதி சேராத யு.பி.ஐ. பணத்தை ஐந்து நாட்களுக்குள் தாமாகவே திருப்ப வேண்டும் என ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் விதி வகுத்தது. எனினும் ஐந்து நாள் என்பது கூலிக்காரருக்குச் சிறிய காலமன்று.

நாங்கள் அமைத்த பயிற்சித் தளத்தைச் சோதனை முறையில் இயக்கி, பணம் செலுத்திய மறுகணமே பிரவுசரை மூடிப் பார்த்தோம். முதன்முறை ஆர்டர் பதிவாகவில்லை. வெப்ஹூக்கை இணைத்தபின் பதிவாயிற்று.